பாடக் குறிப்பு யாருடைய சொத்து?

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் எழுதிவைக்கும் நோட்டைப் பற்றி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். கூலிப் பிரச்னை இருக்கிறது, ரேஷன் பிரச்னை இருக்கிறது, வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரி நோட்டுப் புத்தகத்தைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை எழுத வேண்டுமா என்று ஏளனமாகவும் கேட்கிறார்கள்.

எழுதத்தான் வேண்டும். மில்லில் மயங்கி விழுந்தவனையும், களத்துமேட்டில் பாம்பு கடித்தவளையும், ஜவ்வாது மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கிவரப்படும் கர்ப்பிணியையும் காப்பாற்றப் போவது அந்த நோட்டைப் படித்து வந்த டாக்டர்தான். அந்த நோட்டு யார் கைக்குப் போகிறது, யார் கைக்குப் போகவில்லை, அதை விற்றுப் பணம் பண்ணுவது யார் என்ற கேள்வி நம்முடைய உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

கைமாற்று வேலை

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் மளமளவென்று பேசிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது ஏதோ ஒரு புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருக்கும் சங்கதி என்று நினைக்கக் கூடாது. ஐந்தாறு புத்தகங்களில் படித்ததும், இருபது ஆண்டு வார்டில் பார்த்ததும் அதில் கலந்திருக்கும். ஆகவே மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். ஆனால் நாள் முழுதும் நடக்கும் எல்லா வகுப்பையும் ஒரே ஆள் விடாமல் எழுதிவிட முடியாது. கை வலிக்கும், காது தவறும், சொல் புரியாது.

அதனால் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள். இன்றைய வகுப்பை நீ எழுது, நாளைய வகுப்பை நான் எழுதுகிறேன், எல்லோரும் எல்லாவற்றையும் படிப்போம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். நம்முடைய ஜனங்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. நடவுக் காலத்தில் இன்று உன் கழனியில் நான் இறங்குகிறேன், நாளை என் கழனியில் நீ இறங்கு என்கிறோமே, அதே கைமாற்று வேலைதான்.

அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் இதைக் கூட்டுறவாகவே நடத்தியிருக்கிறார்கள். வகுப்புக்கு ஒருவர் முறைவைத்து எழுதுவார். அதை டைப் செய்து, பிரதி எடுத்து, செலவைப் பங்கிட்டுக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். நம் ஊரில் இதற்கு 'சீனியர் நோட்டு' என்று பெயர். மேல் வகுப்புக்காரர் கையால் எழுதியதைக் கீழ் வகுப்புக்காரர் ஜெராக்ஸ் எடுப்பார். அடுத்த ஆண்டு அதில் இரண்டு வரி சேர்த்து அடுத்தவருக்குக் கொடுப்பார். காசு ஜெராக்ஸ் கடைக்கு மட்டுந்தான். புதிதாக மில்லில் சேர்ந்த பையனுக்கு, அறுந்த நூலை இணைக்கும் கைப்பக்குவத்தைப் பக்கத்து சைடில் நிற்கும் பழைய தொழிலாளி சொல்லிக்கொடுப்பது போல, இது ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உபகாரம்.

கடை விரித்தவர்கள்

இந்த உபகாரத்தின் நடுவில்தான் இன்று கடை விரித்திருக்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய ஒரு பரீட்சை. உள்ளே வருஷத்துக்கு வருஷம் பரீட்சை. வெளியே வந்தபின் மேற்படிப்புக்கு மறுபடி ஒரு நீட் பரீட்சை. போதாது என்று, 2019-இல் இயற்றிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 'நெக்ஸ்ட்' என்று இன்னொரு பரீட்சையும் எழுதி வைத்தார்கள். 2023 ஜூலையில் அதற்கு ஒத்திகைத் தேர்வு என்று தேதி குறித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஒத்தி வைத்தார்கள். ஒவ்வொரு பரீட்சையும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சுங்கச் சாவடி. அந்தச் சாவடியில் உட்கார்ந்திருப்பவன் பயிற்சி வியாபாரி.

அவன் விற்பது என்ன? வகுப்பு, கேள்வி வங்கி, அதோடு நோட்டு! செல்போன் செயலிக்குச் சந்தா கட்டு, நோட்டைப் படி என்கிறான். சந்தா பல்லாயிரம் ரூபாய். சந்தாக் காலம் முடிந்தால் திரை இருண்டுவிடும். பக்கத்துக்குப் பக்கம் வாங்கியவன் பெயரையும் போன் நம்பரையும் அச்சடித்துக் கொடுக்கிறான். பக்கத்து அறைப் பையனுக்கு ஒரு பக்கம் கொடுத்தாலும் கண்டுபிடித்து விடுவானாம். மாணவர்கள் கைமாற்றாக நடத்திவந்த காரியத்தை வேலி போட்டு வளைத்து, வேலிக்கு ஒரு கதவு வைத்து, கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டான். ஊர்ப் புறம்போக்கை மிராசுதார் வளைத்துப் போட்ட கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கணக்கைப் பாருங்கள். 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு இது: அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். அவர்களில் பயிற்சிக் கடைக்குப் போகாமல் இடம் பிடித்தவர்கள் 48 பேர்! நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. மிச்சம் பேர் பணத்தைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். இதற்குத்தான் 'தகுதி' என்று பெயர் சூட்டி ஊரை ஏமாற்றுகிறார்கள்.

அந்தத் தகுதியின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். 2023 செப்டம்பரில், மேற்படிப்பு நீட் தேர்வின் தகுதி வரம்பை ஒன்றிய சர்க்கார் பூஜ்ய பெர்சன்டைல் என்று இறக்கியது. பரீட்சை எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்பதுதான் இதன் அர்த்தம். இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்றதும் 'தகுதி' எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. பணம் இருப்பவனுக்குத் தகுதி பூஜ்யத்தில் இருந்தாலும் இடம் உண்டு. பணம் இல்லாதவனுக்கு நோட்டு கூடக் கிடையாது!

சர்க்காரும் இந்த வியாபாரத்தில் கை நனைக்கிறது. பயிற்சிக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறது. தந்தை நிலத்தை அடகு வைத்துக் கட்டும் பணத்திலும் தில்லிக்கு ஒரு பங்கு!

'திருட்டு' என்பவர்கள்

"மாணவர்கள் ஜெராக்ஸ் எடுப்பதும், நோட்டைப் பகிர்ந்துகொள்வதும் திருட்டு, அறிவுச் சொத்தைக் களவாடுவது" என்று ஒரு கூட்டம் நீதி பேசுகிறது. இந்த வாதம் ஒருமுறை கோர்ட் கூண்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அந்தக் கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் ராமேஸ்வரி என்ற சின்ன ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் சொல்லும் பாடப் பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து பிரதி எடுத்து, ஒன்றாகத் தைத்து, பக்கத்துக்குப் பைசாக் கணக்கில் மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் கம்பெனியும் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. உலகமெல்லாம் புத்தகம் விற்கும் பெருமுதலாளிகள் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனிடம் 60 லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்டார்கள்!

மாணவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சங்கம் அமைத்து வழக்கில் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் கம்பெனிகளைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். கம்பெனிகள் யாருடைய புத்தகத்துக்காக வழக்காடினவோ அந்த ஆசிரியர்களில் பலரும் அதில் கையெழுத்திட்டார்கள்.

2016 செப்டம்பர் 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த வரமோ இயற்கையான உரிமையோ இல்லை என்று நீதிபதி எழுதினார். கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வும், பாடத்துக்குத் தேவையான பகுதியைப் பிரதி எடுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்றே கூறியது. 2017 மார்ச்சில் மூன்று கம்பெனிகளும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

ஆகவே, வகுப்பறைப் பாடத்தைப் பகிர்ந்து படிப்பது திருட்டு என்று நமக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டாம்.

பயிற்சி வியாபாரி தன் ஊழியரைக் கொண்டு எழுதி வைத்திருக்கும் நோட்டு வேறு விஷயம். அதைக் களவாக எடுத்து டெலிகிராமில் சுற்றவிட்டுப் பிழைப்போம் என்பது நம்முடைய கோரிக்கையே இல்லை. களவு நோட்டை நம்பி எந்த ஏழை மாணவனும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தவிரவும் அது அந்தக் கடையின் மவுசைத்தான் கூட்டும். அந்தக் கடைக்கே வேலையில்லாமல் போக வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது. கல்லூரியில் நல்ல பாடம், நல்ல குறிப்பு, எல்லோருக்கும் இலவசமாக இருந்தால் கடைக்காரனிடம் யார் போவார்கள்? ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஊறினால் தண்ணீர் லாரிக்காரனுக்கு என்ன வேலை?

யார் கொடுத்த பாடம்?

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது?

உடற்கூற்றுப் பாடத்துக்கு மேஜை மேல் கிடத்தப்படும் உடல் யாருடையது? உடல்தானம் செய்த நல்லவர்களும் உண்டு. ஆனால் நெடுங்காலமாகக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தவை உரிமை கோர ஆளில்லாத சடலங்கள். நடைபாதையில் செத்தவன், ரயிலடியில் செத்தவன், பிழைக்கப் போன ஊரில் அனாதையாகச் செத்த கூலிக்காரன்! மில் அதிபரின் சடலம் கேட்பாரற்று அந்த மேஜைக்கு வந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

வைத்தியப் பாடத்துக்கு வார்டில் படுத்திருப்பவர் யார்? அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இருபது மாணவர்கள் நிற்க, ஒவ்வொருவராக வயிற்றை அமுக்கிப் பார்க்க, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க, பொறுமையாகப் படுத்திருக்கும் அந்த மனிதர் யார்? நம்முடைய ஆள்தான். பணக்காரனின் ஈரலும் வீங்குகிறது. ஆனால் அவன் தனி அறையில் படுத்திருக்கிறான், அங்கே மாணவர்களுக்கு அனுமதியில்லை. நம் வயிற்றைத் தொட்டுப் படித்த படிப்பைத்தான் நோட்டாக்கி நம் பிள்ளைக்கே விலைக்கு விற்கிறார்கள்!

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது ஒரே மருந்து. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைக் கொடுப்பவர் யார்? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்குப் பேர்போனது. உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடிப்பவர் பழங்குடி மனிதர். அவர் அறிவு பொது. அவர் உழைப்பு பொது. அந்த மருந்தைக் கையாளச் சொல்லிக்கொடுக்கும் நோட்டு மட்டும் தனிச் சொத்தா? இது எந்த ஊர் நியாயம்?

அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டி வாங்கினாலும் வரி, சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோமே, அந்தப் பணத்திலிருந்து வருகிறது. உடல் நம்முடையது, நோய் நம்முடையது, வரி நம்முடையது. ஆகவே பாடமும் நம்முடையது.

மலையின் கதை

இப்போது ஜவ்வாது மலைக்கு வாருங்கள்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. சாமையும் புளியும் பலாவும் தேனும் கொடுக்கும் மலை. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் தாய்நிலம். இதே மலையில் காவலூரில் வான ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே இரண்டேகால் மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கிக்கு 1986-இல் வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரைச் சூட்டினார்கள். கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தை இந்த மலையிலிருந்து பார்க்கிறார்கள், பெருமைதான். ஆனால் அதே மலைத் தொடரில் பக்கத்துக் குன்றில் இருக்கும் குடிசையைப் பார்க்க ஒரு சாலை வேண்டியிருக்கிறது, ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது.

2023 மே மாதம் நடந்ததை நாடு மறந்திருக்காது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, மேலே போகச் சாலை இல்லை என்று ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட்டது. பெற்ற தாய் குழந்தையின் சடலத்தைக் கையில் ஏந்திக் கொண்டு மலையேறினாள்.

சாலை வேண்டும், அதற்காகப் போராட வேண்டும். ஆனால் சாலை வந்தால் மட்டும் போதுமா? சாலையின் முடிவில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கட்டுவிரியன் இரவில் தூங்குபவனைக் கடித்தால் கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் அதிகம் இருக்காது. விடியும்போது கண்ணிமை தொங்கும், மூச்சு திணறும் என்று தெரிந்திருக்க வேண்டும். விரியன் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதா என்று அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. உடனே மருந்து ஏற்ற வேண்டும். இதற்கு மின்சாரம் வேண்டாம், லட்ச ரூபாய் யந்திரம் வேண்டாம்.

நோட்டில் இது ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் உயிர் பிழைக்கும். அந்த ஒரு பக்கத்தைத்தான் சந்தாப் பூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறோம். பரீட்சைக்கு எது வரும் என்று பார்த்து நோட்டு விற்பவனுக்கு அல்லேரி மலையைப் பற்றி என்ன அக்கறை? அதிக மார்க் எந்தக் கேள்விக்கோ அதுதான் அவனுக்குப் பெரிய வியாதி!

மலைக்கு யார் வருவார்கள்?

கோடிக்கணக்கில் செலவழித்துப் படித்தவன் மலைக்கு வருவானா? வரமாட்டான். போட்ட முதலை எடுக்க நகரத்துக்குப் போவான். மலையில் தங்கி வைத்தியம் பார்க்க மனமுள்ள டாக்டர்கள் பெரும்பாலும் மலையிலிருந்தும் சேரியிலிருந்தும் கூலிக்காரர் வீட்டிலிருந்தும்தான் வரவேண்டும்.

அவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து 405 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. கட்டணத்தைச் சர்க்காரே கட்டுவது என்றும் முடிவாயிற்று. நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் வாசலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்டால் எப்படி? பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை முதல் நாள் உடற்கூற்று வகுப்பில் உட்காருகிறது. ஒரு மணி நேரத்தில் நூறு இங்கிலீஷ், லத்தீன் பெயர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவனுடைய செல்போனில் சந்தா கட்டிய செயலி. அதில் படமும் பாடமும் நோட்டும். இந்தப் பிள்ளையின் கையில் ஒரு பேனா. ஹாரிசன் வைத்திய நூல் இரண்டு தடித்த தொகுதி, விலை ஆயிரக்கணக்கில். 2024-25-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். எத்தனை நாள் மண் சுமந்தால் ஒரு புத்தகம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை பரீட்சையில் தவறினால், "பார்த்தாயா, ஒதுக்கீட்டில் வந்தது" என்று ஏசுவதற்கு நாக்குகள் காத்திருக்கின்றன. மலைப் பிள்ளைக்கு மூளை இல்லை என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஜவ்வாது மலைப் பகுதி புலியூரைச் சேர்ந்த ஒரு பழங்குடிப் பெண் 2024-இல் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். குழந்தை பெற்ற இரண்டாம் நாள் பரீட்சை எழுதப் போனவர் அவர். குறை இருப்பது மூளையில் இல்லை. நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

தமிழில் முடியாதாம்!

"சரி, நோட்டைக் கொடுக்கலாம்; ஆனால் தமிழில் வைத்தியப் பாடமா? நடக்கிற காரியமா?" என்று அடுத்த சப்பைக்கட்டு கட்டுகிறார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் இது! சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்பித்தார். அவர் மதப் பிரசார சங்கம் அனுப்பி வந்தவர். அது வேறு கதை. ஊரில் தங்கி ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் வேண்டுமென்றால் ஊர்மொழியில் படிப்பிக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். தாமே தமிழ் படித்தார். பிரசவ வைத்திய நூல் 1857-இல் தமிழில் அச்சாயிற்று. இன்றும் உலகமெங்கும் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. இந்த மொழிபெயர்ப்பு வேலையில் அவரிடம் படித்த மாணவர்களே கைகொடுத்தார்கள். அதாவது, மாணவர்கள் கூடி எழுதிய நோட்டுத்தான் தமிழில் முதல் வைத்தியப் புத்தகசாலை!

அன்று ஓர் அன்னியர் செய்ததை, 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறக்க முடிந்த தமிழ்நாடு செய்ய முடியாதா?

அலட்சியம் எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி: 2018 நீட் தேர்வின் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு. மார்க்சிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10-ஆம் தேதி உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த மாதமே அதற்குத் தடை விதித்து, அந்த ஆண்டுக்குள்ளேயே ரத்தும் செய்துவிட்டது. தவறு செய்தவனுக்குத் தண்டனை இல்லை. தவறான கேள்வியைப் படித்த பிள்ளைக்குத் தண்டனை!

பணம் இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2024 நவம்பரில் ஒன்றிய மந்திரிசபை, வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று திட்டம் போட்டு, மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பெரிய பதிப்பாளர்களுக்கு இந்தப் பணம் போகும். மாணவர்களுக்குப் பத்திரிகை கிடைக்கட்டும், அதை எதிர்க்கவில்லை. ஆனால் முப்பது கம்பெனிகளுக்கு ஆறாயிரம் கோடி கொடுக்க மனமுள்ள சர்க்காருக்கு, நம் கல்லூரியில் நம் பேராசிரியர் நடத்தும் பாடத்தை எழுதி அச்சடித்து நம் பிள்ளைக்குக் கொடுக்கச் சில கோடி இல்லையா?

இரண்டு ஆட்சேபணைகள்

நேர்மையாக எழுப்பப்படும் இரண்டு ஆட்சேபணைகளுக்கும் பதில் சொல்கிறோம்.

"எழுதிய நோட்டு கையில் கிடைத்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள்" என்கிறார்கள். வைத்தியம் நோட்டில் மட்டும் இல்லை, வார்டில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நோயாளியைத் தொடாமல் நோட்டைப் படித்து வந்த டாக்டர் நமக்கும் வேண்டாம். ஆனால் குறிப்பெடுக்கும் பதைப்பு இல்லையென்றால் மாணவன் தலைநிமிர்ந்து பாடத்தைக் கேட்பான், புரியாததைக் கேள்வி கேட்பான், வார்டில் கூடுதல் நேரம் நிற்பான். இன்றைக்குப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து இழுப்பது எது? கல்லூரி நோட்டா? பயிற்சிக் கடையின் வீடியோவா? ஆட்சேபிப்பவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

"மாணவன் எழுதும் நோட்டில் தவறு இருக்கும், மருந்தின் அளவு ஒரு புள்ளி தவறினால் உயிர் போகும்" என்கிறார்கள். உண்மை. கைமாறிக் கைமாறி வரும் ஜெராக்ஸில் தவறும் கூடவே வரும். அதனால்தான் மூலை முடுக்கில் ஒளித்துப் பகிர வேண்டிய நிலையை மாற்றச் சொல்கிறோம். எழுதியதைப் பேராசிரியர் படித்துத் திருத்திக் கையெழுத்திடட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கட்டும். வெளிச்சத்தில் வைத்த நோட்டில் தவறு குறையும்; இருட்டில் விற்கும் நோட்டில்தான் தவறு பெருகும்.

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் முறைவைத்து எழுதி, ஆசிரியர் திருத்திய பாடக் குறிப்பு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொகுக்கப்பட வேண்டும். வேலூர் மாணவன் எழுதியது திருவண்ணாமலைக்கும் தருமபுரிக்கும் ராமநாதபுரத்துக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எழுதும் பிள்ளைகளுக்குச் சன்மானம் தர வேண்டும்.

இரண்டு: இங்கிலீஷ் குறிப்பின் பக்கத்திலேயே தமிழ் விளக்கம் வேண்டும். முதல் ஆண்டுப் பாடங்களில் இதை உடனே தொடங்க வேண்டும். டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் பேசப்படும் மொழி தமிழ்தான் என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

மூன்று: அரசுக் கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சிக் கடைக்கு நோட்டுத் தயாரித்துக் கொடுக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது. பொதுப் பாடத்தைக் கடைச் சரக்காக்க யாருக்கும் உரிமையில்லை என்று விதி செய்ய வேண்டும்.

நான்கு: உள் ஒதுக்கீட்டிலும் பழங்குடி ஒதுக்கீட்டிலும் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகமும், கல்லூரிக்குள்ளேயே மாலை நேரத் துணைப்பாடமும் சர்க்கார் செலவில் கிடைக்க வேண்டும்.

ஐந்து: பாம்புக்கடி, பிரசவம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, காசம் ஆகியவற்றின் குறிப்புகளைத் தனித்தனியே தமிழில் அச்சிட்டு, ஜமுனாமரத்தூர் முதல் பீஞ்சமந்தை வரை உள்ள ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கிராம நர்சின் கையிலும் கொடுக்க வேண்டும்.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள், விற்காதீர்கள். உங்களுக்குக் கை நீட்டி நாடி கொடுத்த நோயாளி அதற்கு விலை கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படியுங்கள்.

தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் மில்லிலோ கிராமத்திலோ ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறதா? அந்தப் பிள்ளையின் புத்தகத்துக்குச் சங்கம் பொறுப்பேற்கட்டும். படித்து முடித்த பிள்ளைகளின் நோட்டுகளைச் சங்க அலுவலகத்திலும் படிப்பகத்திலும் ஓர் அலமாரியில் சேர்த்து வையுங்கள். மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளையும் கிளைக் கூட்டத்தில் படித்து, தீர்மானம் போட்டு, சுகாதார மந்திரிக்கு அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூலிக்காகவும் பட்டாவுக்காகவும் கொடி பிடிக்கும்போது, இந்தக் கோரிக்கையும் ஒரு தட்டியில் எழுதப்பட்டு நம் கையில் இருக்கட்டும்.